அந்த ரிப்போர்ட் எந்தப் பாட்டிலுக்கு? கஞ்சா இலை எண்ணெய்ச் சோதனை

3 ஆகஸ்ட் 2024 – தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

அம்மாவுக்கு முட்டி வலி. ஆயுர்வேத கம்பெனி ஒன்று ‘விஜயா’ இலை எண்ணெய் விற்கிறது, அதாவது கஞ்சா இலை. ஆன்லைனில் டாக்டர் பேசிவிட்டுச் சீட்டு கொடுத்தார். பாட்டிலோடு லேப் ரிப்போர்ட்டும் அனுப்பியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் நேரே ‘பாஸ்’ என்று இருக்கிறது. இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. ஆச்சி, மிளகாய் வியாபாரத்தில் லேபுக்கு மாதிரி அனுப்பி ரிப்போர்ட் வாங்கிப் பழகியவர் நீங்க. என்ன சொல்றீங்க?

3 ஆகஸ்ட் 2024, இரவு

யோசிக்க நிறைய இருக்கிறது தம்பி. முதலில் ஒன்று செய்யுங்க. பாட்டிலின் அடியிலோ லேபிள் ஓரத்திலோ பேட்ச் எண் இருக்கும். ரிப்போர்ட்டிலும் ஒரு பேட்ச் எண் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஆடிப்பெருக்கு நாள், வீட்டில் ஆட்கள் வந்திருக்கிறார்கள். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

4 ஆகஸ்ட் 2024

இதை ஏன் முதலில் கேட்டேன் என்றால், எங்கள் வீட்டிலேயே நடந்துவிட்டது. ஆத்தாவுக்கு எழுபத்தாறு வயசு. வளவைத் தாண்டி ரெண்டாங்கட்டுக்குப் போவதற்குள் இரண்டு தூணைப் பிடித்து நிற்கிறார். பெங்களூரில் இருக்கும் என் அண்ணன் மகன் போன பங்குனியில் இதே மாதிரி ஒரு எண்ணெயை வரவழைத்துக் கொடுத்தான். மூன்று பக்க ரிப்போர்ட் கூடவே வந்தது. பார்க்க அழகான ரிப்போர்ட். ஆனால் அதிலிருந்த பேட்ச் வேறு, பாட்டிலில் இருந்த பேட்ச் வேறு. ரிப்போர்ட் தேதி பாட்டில் தயாரித்த தேதிக்குப் பதினொரு மாதம் முந்தியது. பாட்டில் பிறக்கும் முன்பே அதற்குச் சாதகம் கணித்துவிட்டார்கள்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். “ஒரே ஃபார்முலா தான் மேடம், எல்லா பேட்சும் ஒரே மாதிரி தான் வரும்” என்றார் அந்தப் பையன். ஃபார்முலா ஒன்றாக இருக்கலாம். இலை ஒன்றாக இருக்குமா? ஒரு வருஷம் மழையில் காய்ந்த இலை, மறு வருஷம் வெயிலில் காய்ந்த இலை. ஒரு காட்டு மண், இன்னொரு காட்டு மண். மிளகாயில் முப்பது வருஷம் ஓடியிருக்கிறேன், இரண்டு லாட் ஒரே மாதிரி வந்து நான் பார்த்ததே இல்லை.

பாட்டிலைத் திறக்க விடவில்லை. ஆத்தாவுக்குக் கோபம்.

4 ஆகஸ்ட் 2024, மாலை

மாதிரி எடுப்பது பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் சொன்னதற்கு அர்த்தமே இல்லை.

அப்பச்சி காலத்தில் மூட்டையில் குத்தூசி போட்டு எடுப்பார்கள். குத்தூசி எங்கே போகிறதோ அந்த இடத்துக் கதையை மட்டும் தான் அது சொல்லும். எனக்கு ஒரு லாட் திரும்பி வந்தது, அஃப்ளாடாக்சின், அதாவது பூஞ்சை கக்கும் நஞ்சு, அதிகம் என்று. அதே லாட்டிலிருந்து நான் முன்னால் அனுப்பிய மாதிரி பாஸ். எப்படி என்று புரியாமல் மூட்டைகளைக் கொட்டிப் பார்த்தேன். மேல் வரிசை எல்லாம் கண்ணாடி மாதிரி சிவப்பு. தரையில் நேராகக் கிடந்த அடி வரிசையில் மட்டும் காம்புப் பக்கம் கறுத்திருந்தது. உடைத்தால் விதைமேல் சாம்பல் நிறத்தில் தூள், ஈரச் சாக்கு வாடை. கீழே பலகை போடாமல் அடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு கைப்பிடிக் கெட்ட மிளகாய் ஒரு லாட்டையே கெடுக்கும். அந்தக் கைப்பிடி குத்தூசியில் மாட்டவில்லை என்றால் ரிப்போர்ட் பாஸ் என்று தான் சொல்லும். ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. அதனிடம் கொடுத்த மிளகாயைப் பற்றி உண்மையைத் தான் சொன்னது.

அதனால் ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடும் வரி, மாதிரியை எடுத்தது யார் என்பது. ‘மாதிரி வாடிக்கையாளரால் அளிக்கப்பட்டது, முடிவு பெறப்பட்ட மாதிரிக்கு மட்டும் பொருந்தும்’ என்று சின்ன எழுத்தில் கீழே போட்டிருப்பார்கள். மிளகாய்க்கும் அப்படித்தான், எண்ணெய்க்கும் அப்படித்தான். கஞ்சாவைச் சட்டப்படி விற்கும் கலிபோர்னியாவில் விதி வேறு. அங்கே லேப் ஆளே சரக்கு இருக்கும் கிடங்குக்குப் போய்த் தன் கையால் மாதிரி எடுக்க வேண்டும், அதை வீடியோவும் எடுக்க வேண்டும். நமக்கு வேண்டியது அது தான்.

6 ஆகஸ்ட் 2024

“கஞ்சாவுக்கு லேப் டெஸ்டா, போலீஸ் பிடிக்காதா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூ, காய் பிடித்த நுனியை. பிசின் எடுத்தால் அது சரஸ். நுனி சேராத வெறும் இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. அந்த இடைவெளியில் தான் இலை எண்ணெய், இலை மாத்திரை எல்லாம் உரிமம் வாங்கிய ஆயுர்வேத, சித்த மருந்தாக விற்பனைக்கு வருகின்றன. மருந்துச் சட்ட விதிகளின் ‘இ-1’ அட்டவணையில், நச்சுச் சரக்குகள் பட்டியலில், இது இருக்கிறது. எட்டியும் அதே பட்டியலில் தான். அதனால் டாக்டர் மேற்பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கையை லேபிளில் போட்டே ஆகணும். எந்த மொழியில் என்று பாருங்க. இங்கிலீஷிலும் இந்தியிலும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த என் ஆத்தாவுக்கு அந்த எச்சரிக்கை வெறும் கோலம். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

யாரும் இதைப் படித்துவிட்டு இலை கிள்ளி வீட்டில் எண்ணெய் காய்ச்சப் போகாதீங்க. நுனி ஒன்று சேர்ந்தாலே அது வேறு வழக்கு.

6 ஆகஸ்ட் 2024, சற்று நேரம் கழித்து

இன்னொன்று. பத்திரிகைகளில் ‘ஹெம்ப்’ என்பதைச் சணல் என்று எழுதிவிடுகிறார்கள். சாக்கு நெய்யும் சணல் வேறு செடி. வயலில் உரத்துக்கு மடக்கி உழும் சணப்பு வேறு. ஹெம்ப் கஞ்சாச் செடியே தான், போதைச் சத்து குறைந்த ரகம். ‘சணல் விதை உடம்புக்கு நல்லதாமே’ என்று சணப்பு விதையை வாங்கிவைத்துக்கொண்டு ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். ஐயா, அதைச் சாப்பிடாதீங்க.

ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு மூன்றையும் உணவாக விற்க மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2021 நவம்பரில் விதி போட்டது. விதையில் டி.எச்.சி., அதாவது போதைச் சத்து, கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, விதை எண்ணெயில் 10, பானத்தில் 0.2. போதை ஏறுமா என்ற கவலைக்கு இந்த எண்கள் பதில் சொல்லும். இந்தப் பதிவுகளில் நான் பேச வந்தது போதையைப் பற்றி இல்லை, கூடவே வரும் அழுக்கைப் பற்றி.

9 ஆகஸ்ட் 2024

அழுக்கு என்றால் என்ன என்று விவரமாகக் கேட்டார்கள். பூஞ்சை, பூஞ்சை விட்டுப் போகும் நஞ்சு, பூச்சி மருந்து மிச்சம், கன உலோகம், பிறகு எண்ணெயைப் பிரிக்கப் பயன்படுத்திய கரைப்பான் மிச்சம்.

பூஞ்சை பற்றி என் அனுபவத்தில் சொல்கிறேன். ‘சுத்தி செய்துதானே மருந்தாக்குகிறார்கள், கழுவி, நெய்யில் வறுத்து’ என்று சொல்லும் வைத்தியர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. வறுத்தால் பூஞ்சை சாகும். அது முன்னமே கக்கிய அஃப்ளாடாக்சின் அந்தச் சூட்டுக்கெல்லாம் முழுசாகப் போகாது. மிளகாயை எவ்வளவு வறுத்து அரைத்தாலும் திரும்பி வந்த லாட் திரும்பி வந்தது தான். வெளிநாடுகளில் பூஞ்சை பிடித்த சரக்கைக் கதிர்வீச்சில் காட்டிக் கிருமி எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறார்கள், எண்ணிக்கைச் சோதனை பாஸ். நஞ்சை வேறு சோதனையில் பார்த்தால் தான் தெரியும். உங்க ரிப்போர்ட்டில் ‘ஈஸ்ட், பூஞ்சை எண்ணிக்கை’ மட்டும் இருந்து ‘அஃப்ளாடாக்சின் பி1, பி2, ஜி1, ஜி2’ இல்லை என்றால் பாதி வேலை தான் நடந்திருக்கிறது.

கன உலோகம் இந்தச் செடிக்கு முக்கியமான விஷயம். மண்ணில் இருப்பதை உறிஞ்சி எடுப்பதில் இது கெட்டிக்காரச் செடி. 1990-களின் கடைசியில் செர்னோபில் பக்கம் மண்ணைச் சுத்தப்படுத்த இதை நட்டுப் பார்த்திருக்கிறார்கள். சாலையோரத்திலோ பட்டறைக்குப் பக்கத்திலோ தானாக முளைத்த செடியின் இலையைப் பறித்து மருந்து செய்தால், அந்த இடத்து ஈயமும் காட்மியமும் இலைக்குள்ளேயே வரும். கழுவினால் போகாது.

9 ஆகஸ்ட் 2024, இரவு

மேலே ஈயம் என்று எழுதியதைத் திருத்துகிறேன். அரைமணி நேரத்தில் நாலு பேர் ‘ரசம் வைக்கிற ஈயச்சொம்பைத் தூக்கிப் போடணுமா’ என்று கேட்டுவிட்டார்கள். ரிப்போர்ட்டில் ‘லெட்’ என்று இருப்பது காரீயம். ஈயச்சொம்பு வெள்ளீயம், பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும் வெள்ளீயம். இரண்டும் வேறு உலோகம். எங்கள் ஆயாவின் ஈயச்சொம்பு இன்றைக்கும் அடுப்படியில் இருக்கிறது, ஆத்தா வைக்கிற மிளகு ரசம் அதில் கொதித்தால் தான் ரசம். புதிதாக மலிவு விலைக்கு வாங்கிய சொம்பு என்றால் காரீயம் கலந்திருக்கிறதா என்று பயப்பட வேண்டியது தான். பழைய கை வேலைப்பாட்டுச் சொம்பை நல்ல ஆளிடம் காட்டிக் கேளுங்க.

11 ஆகஸ்ட் 2024

கணக்குப் போட்டுப் பார்த்தேன். தூக்கம் போய்விட்டது.

நம் நாட்டில் மூலிகை மருந்துக்குக் காரீய அளவு 10 பிபிஎம் வரை இருக்கலாம். காட்மியம் 0.3, பாதரசம் 1, ஆர்செனிக் 3. 10 பிபிஎம் என்றால் ஒரு கிராம் எண்ணெயில் 10 மைக்ரோகிராம். ஆத்தாவுக்குச் சொன்ன அளவு தினம் ஒரு மில்லி, ஏறக்குறைய முக்கால் கிராமுக்கும் ஒரு கிராமுக்கும் நடுவில். எண்ணெய் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு ‘பாஸ்’ ஆகியிருந்தால் தினம் ஏறக்குறைய ஒன்பது மைக்ரோகிராம் காரீயம் உள்ளே போகும். பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு உணவிலிருந்து தினம் 8.8 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. கணக்கு வைத்திருக்கிறது, குழந்தைகளுக்கு 2.2. அதாவது இந்த ஒரு மருந்தே ஒரு நாள் பங்கு முழுவதையும் தின்றுவிடும். சோறு, தண்ணீர், மஞ்சள்தூள் எல்லாம் தனி.

கலிபோர்னியாவில் இதே செடிப் பொருளுக்குக் காரீய எல்லை 0.5. நம்முடையதில் இருபதில் ஒரு பங்கு.

ஆகவே ‘பாஸ்’ என்ற வார்த்தையைப் படிக்காதீங்க. எண்ணைப் படிங்க. 0.2 என்றால் மனசு நிம்மதி. 9.1 என்றாலும் அதே ‘பாஸ்’ தான் போட்டிருக்கும்.

12 ஆகஸ்ட் 2024

சிலருக்கு ரிப்போர்ட்டில் எண்ணே இல்லையாம், ‘என்.டி.’ என்று இருக்கிறதாம். கண்டறியப்படவில்லை என்று அர்த்தம். எவ்வளவு சின்ன அளவு வரை அந்தச் சோதனையால் நம்பி அளக்க முடியும் என்பது பக்கத்தில் இருக்க வேண்டும், ‘எல்.ஓ.க்யூ.’ என்று போடுவார்கள். அது இல்லாத ‘என்.டி.’, இருட்டில் நின்றுகொண்டு ‘பாம்பு தெரியவில்லை’ என்று சொல்வதற்குச் சமம்.

அடுத்து, லேபுக்கு என்.ஏ.பி.எல். (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு) முத்திரை இருப்பது மட்டும் போதாது. அந்த அங்கீகாரம் சோதனைவாரியாகத் தருவது. குடிதண்ணீருக்கு வாங்கிய லேப், எண்ணெயில் பூச்சி மருந்து பார்க்க வாங்கியிருக்க வேண்டும் என்று இல்லை. என்.ஏ.பி.எல். தளத்தில் லேப் பெயரைத் தட்டினால் எந்தெந்தச் சோதனைக்கு என்று பட்டியல் வரும், இலவசம்.

‘நம்ம ஊர் செக்ரியில் கொடுத்துப் பார்க்கலாமா’ என்றும் கேட்டிருந்தார்கள். காரைக்குடி செக்ரி நமக்குப் பெருமை, வள்ளல் அழகப்பர் நிலமும் பணமும் கொடுத்து வந்த ஆய்வகம். ஆனால் அது மின்வேதியியல் ஆய்வுக்கானது. மருந்துக்குச் சான்று வேண்டுமென்றால் அதற்கு அங்கீகாரம் உள்ள லேபுக்குத் தான் போகணும்.

17 ஆகஸ்ட் 2024

பூச்சி மருந்து பற்றி எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன், நீளமான விஷயம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

திராட்சைத் தோட்டத்தில் அடிக்கும் மைக்ளோபியூட்டனில் என்ற பூஞ்சைக்கொல்லி இருக்கிறது. பழத்தில் அதற்கு ஓர் எல்லை வைத்து அனுமதித்திருக்கிறார்கள். அதையே புகைக்கும் பொருளில் விட்டால், சூட்டில் சயனைடு வாயு கிளம்பும். வாய்வழி போவதற்கு வைத்த எல்லை நுரையீரல்வழி போவதற்குப் பொருந்தாது. கலிபோர்னியா 66 பூச்சி மருந்துகளைப் பார்க்கச் சொல்கிறது. அதில் 21 கொஞ்சம் தெரிந்தாலே சரக்கு காலி, நம் ஊரில் தாராளமாக அடிக்கும் குளோர்பைரிபாஸ் உட்பட. கனடா 2019 ஜனவரியிலிருந்து பூச்சி மருந்துச் சோதனையைக் கட்டாயமாக்கியது.

இலையிலிருந்து சாறு பிரித்துக் கெட்டியாக்கும்போது அழுக்கும் கெட்டியாகும் என்பதையும் மறக்கக் கூடாது. பத்துக் கிலோ இலை ஒரு கிலோ சாறானால், எண்ணெயில் கரையும் பூச்சி மருந்து ஏறக்குறைய பத்து மடங்கு வரை ஏறலாம். இலையைச் சோதித்தேன் என்று சொல்லும் ரிப்போர்ட் எண்ணெய்க்கு ஆகாது.

18 ஆகஸ்ட் 2024

நேற்று எழுதியதைப் படித்தால் கலிபோர்னியா சொர்க்கம் மாதிரி தெரிகிறது. அப்படி இல்லை. இந்த ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் அங்கே சட்டப்படி விற்கும் சரக்கை வாங்கித் தனியாகச் சோதித்துப் பார்த்தது. பாஸ் ஆகிக் கடைக்கு வந்தவற்றிலேயே பூச்சி மருந்து இருந்தது. காரணம் எனக்கு நன்றாகப் புரியும். லேபுக்குக் காசு கொடுப்பது சரக்குக்காரர். ஃபெயில் போடும் லேபை விட்டுப் பாஸ் போடும் லேபுக்குப் போய்விடுவார். மிளகாயில் ‘இந்த லேப் கொஞ்சம் ஸ்ட்ரிக்ட், அந்த லேபுக்கு அனுப்புங்க’ என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு.

ஒரு தடவை நானும் அப்படி அனுப்பியிருக்கிறேன். சரக்கு தேங்கிக் கிடந்தது, வட்டி ஓடிக்கொண்டிருந்தது. பாஸ் வந்தது, விற்றேன். அந்த மிளகாயை யார் சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆத்தாவின் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அந்த லாட் தான் நினைவுக்கு வந்தது. அதன்பிறகு நான் அப்படிச் செய்ததில்லை என்பது உண்மை, செய்தது அழியாது என்பதும் உண்மை.

விதி இல்லாத இடம் இன்னும் மோசம் என்பதையும் சொல்லணும். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் 2007-ல் 29 பேர் காரீய விஷத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். தெருவில் வாங்கிய கஞ்சாவில் எடை கூட்டக் காரீயத்தூளைக் கலந்திருக்கிறார்கள். மிளகாய்த்தூளில் செங்கல் தூளைக் கலப்பவனுக்கும் அவனுக்கும் வித்தியாசம் இல்லை.

25 ஆகஸ்ட் 2024

கம்பெனியிலிருந்து ஒரு வழியாகப் பதில் வந்தது. ஆறு மெயில், மூன்று போன். ஆத்தாவின் பாட்டில் பேட்சுக்கே உரிய ரிப்போர்ட்டை அனுப்பியிருக்கிறார்கள். எண் பொருந்துகிறது. காரீயம் 0.8. கலிபோர்னியா எல்லைக்குக் கொஞ்சம் மேல் தான், ஆனால் நம் எல்லைக்கு வெகு கீழே, நல்ல எண்.

தேதியைப் பார்த்தேன். லேப் மாதிரியைப் பெற்ற நாள் ஆகஸ்ட் 14. எங்கள் வீட்டுக்குப் பாட்டில் வந்தது ஏப்ரலில். அதாவது நான் கேட்ட பிறகு தான் சோதித்திருக்கிறார்கள். அந்த பேட்சில் எத்தனை பாட்டில் விற்றுக் குடித்து முடிந்திருக்கும்.

எண் நன்றாக வந்ததால் விட்டுவிடலாம் என்று அண்ணன் மகன் சொல்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. கம்பெனி இருக்கும் மாநிலத்தில் அவர்களுக்கு உரிமம் கொடுத்த அதிகாரிக்கு இரண்டு ரிப்போர்ட்டையும், பாட்டில் படத்தையும், பில்லையும் இணைத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். கேட்டது ஒன்று தான். விற்பனைக்கு விடும் முன்பே ஒவ்வொரு பேட்சின் முழு ரிப்போர்ட்டும், யார் வேண்டுமானாலும் பாட்டில் எண்ணைத் தட்டிப் பார்க்கும்படி வெளியே இருக்க வேண்டும்.

27 ஆகஸ்ட் 2024

ஆத்தாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு. காரைக்குடியில் எலும்பு டாக்டரிடம் காட்டினோம். அவர் முதலில் கேட்டது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று. இதயத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்றதும், கஞ்சாச் செடியின் சத்து அந்த மருந்தை உடம்பில் தேங்க வைத்து ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடலாம், வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். ஆன்லைனில் பேசிச் சீட்டு எழுதியவர் இதைக் கேட்கவே இல்லை என்று அண்ணன் மகன் சொல்கிறான். எவ்வளவு சுத்தமான எண்ணெயாக இருந்தாலும் எங்கள் ஆத்தாவுக்கு அது ஆகாது. இதை நான் ஆகஸ்ட் 4-ம் தேதியே முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். தேவகோட்டைத் தம்பி, அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று உங்க குடும்ப டாக்டரிடம் சொல்லிக் கேட்டீங்களா?

1 செப்டம்பர் 2024

தம்பி, நீங்க போட்ட படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மாவுக்கு வேறு மாத்திரை எதுவும் இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்னது நல்ல சேதி. பேட்ச் எண் பொருந்துகிறது. தேதியும் விற்பனைக்கு முந்தியது. லேபின் அங்கீகாரப் பட்டியலையும் எடுத்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. அஃப்ளாடாக்சின் நான்கும் இருக்கிறது, பக்கத்தில் எல்.ஓ.க்யூ.வும் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் உங்களிடம் இருப்பது இரண்டு தாள். அடியில் ‘பக்கம் 1/3’, ‘பக்கம் 2/3’ என்று இருக்கிறது. கன உலோகம் இந்த இரண்டிலும் இல்லை. மூன்றாவது தாளைக் கேட்டு வாங்குங்க. வரும் வரை பாட்டிலைத் திறக்காதீங்க.